இரட்டைக் கோடு

எனக்குப் பிறவியிலேயே மீன் செதில் போன்ற தோல். முருகனுக்கு மூன்று முறை மொட்டை போட்டும் அது உதிரவில்லை. முடி மட்டும்தான் போனது. காலையில் எண்ணெய், வெயில் ஏறினால் மேலுக்கு ஈரத் துண்டு. இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது, பார்க்கிறவர்களுக்குத்தான் பழகவில்லை.

எனக்கு ஏழு வயதான மார்கழியில் சென்னையிலிருந்து மின்சார ரயிலேறி ஓர் அக்கா திருத்தணிக்கு வந்தார். இப்படி அபூர்வமான தோல் நோய் உள்ளவர்களைத் தேடிப்பிடித்துப் பதிவேட்டில் சேர்ப்பது அவர் வேலை. யாருக்கெல்லாம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஆராய்ச்சி செய்து மருந்து கண்டுபிடிக்க முடியுமாம். பெயருக்குப் பதிலாக எனக்கு ஓர் எண் கொடுத்தார்.

"உன்ன மாதிரி இதுல நெறைய பேர் இருக்காங்க," என்றார். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். அது ரகசியம், யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். வார்த்த பால் திரிந்துபோனது.

பிறகு அவர் ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாக எங்கள் குடும்பத்தை வரைய ஆரம்பித்தார். நைனாவும் அம்மாவும் கல்யாணத்துக்கு முன்பே சொந்தமா என்று கேட்டார்.

"இல்லீங்க, அசல்தான்," என்றார் நைனா. சொந்தத்தில் கட்டியதற்காக ஏற்கெனவே ஒரு டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

தப்பாக எழுதினால் மருந்தும் தப்பாகிவிடுமே என்று எனக்குப் பதைப்பு. "பொய்யிக்கா. நைனா அம்மாவுக்குச் சொந்தத் தாய்மாமன். எங்க சித்தப்பாவும் சித்தியுங்கூடத் தையில கல்யாணம் பண்ணிக்கப் போறாங்க," என்றேன். சித்தப்பா நைனாவின் தம்பி, சித்தி அம்மாவின் தங்கை. அந்தக் கல்யாணத்தில் எனக்கிருந்த வசதி, யாரையும் புதிய முறை சொல்லிக் கூப்பிடப் பழக வேண்டியதில்லை.

அக்கா நைனாவின் சதுரத்துக்கும் அம்மாவின் வட்டத்துக்கும் நடுவே இரட்டைக் கோடு போட்டார். சொந்தம் என்றால் அப்படித்தான் போடுவார்களாம். இதில் யார் மீதும் குற்றமில்லை, ஆனால் சித்திக்குப் பிறக்கும் குழந்தைக்கும் இது வரலாம், இரண்டு பேரும் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும் என்று பொறுமையாகச் சொன்னார். 'வரலாம்' என்பதோடு எங்கள் வீட்டாருக்குக் காது அடைத்துக்கொண்டது. பரிசோதனைக்கு ஒருவரும் போகவில்லை. கல்யாணம் நின்றது.

நினைவு தெரிந்த நாளிலிருந்து சித்தப்பாவையே மாமா, மாமா என்று சுற்றிவந்த சித்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"வாய வச்சிகினு சும்மா இருக்க மாட்டியாடி? பாரு, எப்பிடி அழுதுகினு கெடக்கறா," என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

பாவம் என்று ஆறுதல் சொல்லப் போனேன். என்னிடம் இருந்த நல்ல சேதி ஒன்றே ஒன்றுதான்.

"அழாத சித்தி. நீ சித்தப்பாவையே கட்டிக்கோ. என்ன மாதிரியே உனக்கும் ஒரு பாப்பா பொறக்கும். எனக்கு ஜோடியா இருக்கும்."

சித்தி என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு முன்னைவிடச் சத்தமாக அழுதாள். கல்யாணம் நின்ற துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் அத்தனை பேரும் எதற்குப் பயந்தார்களோ, அதற்குத்தான் நான் ஆசைப்பட்டேன் என்பது எனக்கு அப்போது தெரியாது.