மூடுபனியில் வேர்த்த டவர் ரூம்

சேலம் ஆபீசில் நான் டீயை வாயில் வைக்கும் நேரம் பார்த்து மேனேஜர் சண்முகம் சார் கத்தினார்.

"டேய், ஏற்காட்டுல மறுபடியும் போன் கால் கட்டாகுதாமா! காப்பி எஸ்டேட்காரரு வாய்க்கு வந்தபடி திட்டறாரு. ரெண்டு மெஷினு வாங்கிப் போட்டது வேடிக்கை பாக்கறதுக்கா?"

செல்போன் வந்த புதிது. தொண்ணூறுகளின் கடைசி. ஏற்காட்டு டவர் ரூமில் கால்களைக் கடத்திவிட இரண்டு ரவுட்டர்கள் இருந்தன; ஒன்று மெயின், இன்னொன்று ஸ்டாண்ட்பை. மெயின் படுத்தால் ஸ்டாண்ட்பை தானாக எழுந்து கால்களை வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றும் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் படுக்க, மெயின் எழுந்தது. இப்படி மாறும்போதெல்லாம் பேசிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் லைன் கட்.

"சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா, நீ மலையிலயே மொளகு பறிச்சுப் பொழச்சுக்க" என்றார் சார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் டெம்பரரி, அதிலும் பத்தாவது பெயில். இதை விட்டால் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

ரவுட்டர்கள் இரண்டையும் இணைக்கும் கேபிள்தான் கோளாறு என்று நினைத்து, புதுக் கேபிளோடு பஸ் ஏறினேன். அடிவாரம் தாண்டியதும் ஒரே மூடுபனி. நனைந்து நடுங்கிக்கொண்டு டவருக்குப் போய்ச் சேர்ந்தேன். பக்கத்து மஞ்சக்குட்டை ஊர்க்காரரான வாட்ச்மேன் பொன்னன் அண்ணன் கதவைத் திறந்தார்.

"ஏனுங்கண்ணா, உள்ள கல்யாண ஊட்டு அடுப்படியாட்டம் கதகதன்னு இருக்குது?"

"உள்ள போங்க சாமி, வெளிய நொம்பக் குளிரு."

ரவுட்டர் மேல் கையை வைத்துக் குளிர் காய்ந்துகொண்டே கேபிளை மாற்றினேன். எல்லா லைட்டும் பச்சை. என் செல்லிலிருந்தே சாரைக் கூப்பிட்டு, "முடிஞ்சுது சார், இனிமே" என்பதற்குள் லைன் கட். திரும்பிப் பார்த்தால் மெயின் அணைந்து கிடந்தது.

மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை கையில் விழுந்தது. ஏற்காட்டு மூடுபனியில் எனக்கு வேர்க்கிறது! அப்போதுதான் சுவரில் இருந்த ஏசியைப் பார்த்தேன். ஓடவில்லை.

"அண்ணா! ஏசிய யாருங்க அணைச்சது?"

"நேத்து சண்முகம் சாரு வந்தாருங்க கண்ணு. இந்தக் குளிருல எவன்டா ஏசி போட்டதுன்னு சத்தம் போட்டு, அவரே அணைச்சுப்போட்டாருங்க."

மூடிய அறையில் மெயின் சூடேறிப் படுத்திருக்கிறது. அதன் சுமையையும் வாங்கிய ஸ்டாண்ட்பை சூடேறிப் படுத்திருக்கிறது. அதற்குள் கொஞ்சம் ஆறிய மெயின் மறுபடி எழுந்திருக்கிறது. நானோ அதே சூட்டில் சுகமாகக் குளிர் காய்ந்திருக்கிறேன்!

கதவைத் திறந்துவிட்டு ஏசியைப் போட்டேன். அறை குளிர்ந்த பிறகு இரண்டும் ஒழுங்காக நின்றன. ஸ்டாண்ட்பையையும் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாரைக் கூப்பிட்டேன்.

"சார், யாரோ ஏசிய அணைச்சுட்டாங்க. அதான் கோளாறு."

"எவன்டா அவன்? இன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பு!" முந்தின நாள் செய்தது மனிதருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"அனுப்பிரலாங்க சார். ஆனா நாளைக்கு உங்க சீட்டுல யாரு உக்காருவாங்க?"

சத்தமே இல்லை. மறுபடியும் கால் கட்டாகிவிட்டதோ என்று பதறிப்போனேன். கட்டாகவில்லை.

"சரி... நீ சாப்புட்டுட்டு மெதுவா வா சாமி" என்றார்.

மறுநாளும் எனக்கு வேலை இருந்தது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளே, ஒரே ஏசியை நம்பி ஒரே அறையில் நிற்கும் இரண்டு மெஷினை இரண்டு என்று கணக்குப் போடாதீர்கள். மெயினைப் படுக்க வைக்கிற சூடு, பக்கத்தில் நிற்கும் ஸ்டாண்ட்பையையும் சும்மா விடாது.