பெரியப்பா சொன்னால் சரி

சென்னையில் ஓவியம் படிக்கும் என் மகள், பொங்கல் விடுமுறைக்குக் கோவில்பட்டி வந்திருந்தபோது லேப்டாப்பில் ஒரு பழைய ஐரோப்பிய ஓவியத்தைக் காட்டினாள். இருட்டான தோட்டம். குளிக்க உட்கார்ந்த பெண் ஒருத்தி துணியை அள்ளி மார்பை மறைக்கிறாள். அவள் பக்கமாகக் குனிந்து தாடிக்காரக் கிழவர்கள் இருவர். ஒருவர் உதட்டில் விரல். என்ன நடக்கிறது, சொல் என்றாள்.

"ரெண்டு பெரியவங்க அந்தப் பிள்ளைக்குப் புத்தி சொல்லுதாவ" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். பைபிள் கதையாம். கிழவர்கள் அவளை ஆசைக்கு இணங்கச் சொல்கிறார்கள். மறுத்தால், வேறொருவனோடு பார்த்தோம் என்று ஊரில் சொல்லிவிடுவார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்தொன்பது வயதில் நான் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்கிய அக்கா இடைசெவலிலிருந்து பஸ்ஸில் வருவாள். கையும் வேகம், வாயும் வேகம். அங்கே கணக்கப்பிள்ளையை எல்லோரும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். ஒருத்திக்கும் அவர் உறவில்லை. கூப்பிட்டுப் பழகியதில் அவரைத் தப்பாக நினைக்க மனம் வராது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், தொட்டியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த அக்காவைப் பெரியப்பாவும் போர்மேனும் மறித்து நின்றார்கள். குச்சி மூட்டைகளுக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"ஏட்டி, சொன்னபடி கேளு. சத்தம் போட்டா ஒம் பேருதான் நாறும்" என்றார் பெரியப்பா. அக்கா கையிலிருந்த செம்பை அவர்மேல் வீசிவிட்டுத் திரும்பியபோது என்னைப் பார்த்தாள்.

மறுநாள், லாரி டிரைவரோடு அவளைக் குடோனில் பார்த்ததாக இருவரும் முதலாளியிடம் சொன்னார்கள். "நேத்து தொட்டியடியில இவுக ரெண்டு பேரும் என்னைய மறிச்சப்போ இவளும் அங்கனதான் இருந்தா, கேளுங்க மொதலாளி" என்று அக்கா என்னைக் காட்டினாள். முதலாளி கேட்டார்.

"பெரியப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

வேலை போய்விடும் என்ற பயம்தான். ஆனால் அந்தப் பேச்சு அவ்வளவு சுலபமாக என் வாயில் வந்ததை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அக்கா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குப் பேசியிருந்த கல்யாணம் நின்றுபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். இடைசெவல் பக்கமே நான் போவதில்லை.

அன்று மகளிடம் அக்காவைப் பற்றிச் சொன்னேன், என்னை மட்டும் விட்டுவிட்டு.

"இந்தப் பைபிள் கதையில ஒருத்தன் வந்து பேசி அவளக் காப்பாத்திருதான்மா. அந்த அக்காவுக்கு யாருமே பேசலையா?"

"யாரும் பாக்கலட்டி. அன்னைக்கு நான் வேலைக்குப் போகல."

"நீ இருந்திருந்தா சொல்லியிருப்பம்மா" என்றாள்.

"ஆமா" என்றேன்.