'அன்ஃபிட்'னு கத்தின வேலை

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற ஆபீசுல, டாக்டர் உள்ளே மெதுவாச் சொல்ற ஒத்தை இங்கிலீஷ் வார்த்தையை வெளியே வந்து சத்தமாச் சொல்ல ஒருத்தன் வேணும். ஜப்பான்காரன் சண்டை நடந்தப்ப தருமபுரியில அது நான்தான். ஏதோ ஒரு ஆபீஸ் வாசல்ல வெயில்ல நின்னவங்களுக்கு நான் சொல்லப்போறது புதுசா இருக்காது.

அர்த்தம்

நான் இங்கிலீஷ் படிச்சது ராப்பள்ளிக்கூடத்துல. வேலைக்குச் சேர்ந்த புதுசுல, 'ஃபிட்'டுன்னா என்னன்னு அந்த வாத்தியாரைக் கேட்டேன். அகராதியைப் புரட்டினார். அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு வெள்ளைக்காரனுக்கே நிச்சயமாத் தெரியலையாம். அர்த்தம் மட்டும் சொன்னார்: "சட்டை உடம்புக்குச் சரியா இருந்தா ஃபிட்டுன்னு சொல்லுவாங்கப்பா. உங்க ஆபீசுல சட்டையை மொதல்ல தெச்சு வெச்சுட்டு உடம்பைத் தேடறாங்க."

தராசு

வத்தல்மலையிலிருந்து மாதையன்னு ஒருத்தன் வந்தான். மழை பொய்ச்சு சாமையும் இல்லை, கேவுரும் இல்லை. வூட்ல பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க. பட்டாளத்துல சேர்ந்தா இவனுக்குச் சோறு, வூட்டுக்குச் சம்பளம். கோவணத்தோட தராசுல ஏத்தினோம். எடை பத்தலை. வெளியே வந்து 'அன்ஃபிட்'டுன்னு கத்திட்டு, உடம்பைத் தேத்திக்கிட்டு வாப்பான்னேன். அவன் கோவப்படலை.

"சோறு கெடைச்சாத் தேறுவேனுங்க. அது கெடைக்கலைன்னுதானுங்க இங்க வந்தேன்."

தண்ணி

அடுத்த மாசம் மறுபடி வந்தான். எதிர்க்க இருந்த கெணத்துல வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு உள்ளே நுழைஞ்சான். எடை ஏற எல்லாரும் செய்யற வேலைதான், நானும் கண்டுக்க மாட்டேன். அன்னிக்குன்னு பாத்து டாக்டர் காபி குடிக்கப் போயிட்டார். அவர் வர்ற வரைக்கும் மாதையன் தூணைப் புடிச்சுக்கிட்டு நெளிஞ்சான். தராசுல ஏறினதும் தாங்கலை. டாக்டர் செருப்பு நனைஞ்சு போச்சு. மறுபடியும் அன்ஃபிட்.

வரிசையில நின்ன ஒருத்தன் சொன்னான்: "மழை பேஞ்சிருச்சு, போயிக் கேவுரு வெதைங்கப்பா."

சந்தை

அதுக்குள்ள வார்த்தை ஆபீசை வுட்டு ஊருக்குள்ள போயிருச்சு. நல்லம்பள்ளிச் சந்தையில மாடு விக்கறவன், "ஃபிட்டுங்க, பல்லைப் பாருங்க"ங்கறான். மாப்பிள்ளைக்குக் கண்ணு சரியில்லைன்னா அன்ஃபிட்டுன்னு பொண்ணு குடுக்க மாட்டேங்கறாங்க. ஒரு நாள் அந்தச் சந்தையில மாதையனோட மச்சான் எதுக்க வந்தான். மாதையன் எப்படிப்பா இருக்கான்னு கேட்டேன்.

"அந்தப் பேரைச் சொல்லி இப்ப யாருங்க கூப்புடறாங்க? நீங்க வெச்ச பேருதான்."

சாப்பாடு

மூணாவது தடவை பொண்டாட்டி சின்னத்தாயியோட வந்தான். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்துச்சு. எடை சரி, மாரளவும் சரி. "மாதையன், ஃபிட்"டுன்னு கத்தினேன்.

புளியமரத்தடியில உக்காந்திருந்த சின்னத்தாயி மரத்தைப் புடிச்சு எழுந்திரிச்சுது. கையைத் தூக்கினப்போ வளையல் முழங்கைக்கு மேல போயிருச்சு. இவன் உடம்புல ஏறினது எங்கிருந்து எறங்கினதுன்னு எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. ஃபிட்டுன்னா என்னங்கன்னு கேட்டுச்சு. உன் வூட்டுக்காரரைச் சேத்துக்கிட்டாங்கம்மான்னேன்.

"அப்ப இனிமே நான் கொஞ்சம் திங்கலாமுங்களா?"

நான் அன்ஃபிட்டுன்னு அனுப்பினவங்க இன்னிக்கும் என்னைச் சந்தையில பாத்தாத் திட்டிட்டுத்தான் போறாங்க. ஃபிட்டுன்னு அனுப்பினவங்கள்ல மாதையனையும் சேத்து பல பேரு திட்டறதுக்குத் திரும்பி வரலை.