குருசாமி எடுத்துப்போன சிவப்புக் கயிறு

போர்மேன் குருசாமி இறந்த செய்தி போன செவ்வாய்க்கிழமை திருத்தங்கல் பேருந்து நிறுத்தத்தில் எனக்குக் கிடைத்தது. அவரிடம் முன்பு வேலை பார்த்த மாரியம்மாள் சொன்னார்: "சார், எங்க போர்மேன் போயிட்டாக. நெஞ்சுவலி. நேத்தே எடுத்தாச்சு." என் பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. குருசாமி கேட்ட ஒரு கேள்விக்கு நான் கடைசிவரை பதில் சொல்லவில்லை.

தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையில் அவரோடு இருந்தவர்களுக்கு அவர் உள்ளங்கை நினைவிருக்கும். மருந்து அறைகளில் விளக்குக் கிடையாது, பகல் வெளிச்சம்தான். மூட்டம் போட்ட நாளில் வாசலில் நின்று கையை விரித்துப் பார்ப்பார். ரேகை தெரியவில்லை என்றால் மணி மூன்றானாலும் வேலை நின்றுவிடும். செய்த வேலைக்குத்தான் கூலி என்பதால் பெண்களுக்கு ஆத்திரம் வரும். "ஜோசியம் பார்த்தாச்சு, எந்திரிங்கடி" என்பார் மாரியம்மாள். "கை இருந்தாத்தான் ஆத்தா ஜோசியம்" என்பார் அவர்.

மழை நன்றாகப் பெய்த ஒரு வருஷம், தீபாவளி சீசன் முடிந்தபின், ஏழாயிரம்பண்ணைக்கு அப்பால் ஒரு கண்மாய்க் கரையில் அந்தக் கம்பெனி வெளியூர் வியாபாரிகளுக்குப் புது ரகங்களைக் கொளுத்திக் காட்டியது. செய்தி எழுதுகிறவன் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். முதலாளியின் மகன் ஒரு வாட்டர் ஸ்கூட்டரை லாரியில் ஏற்றி வந்திருந்தார். இருட்டியதும் அவர் அதில் கண்மாயின் குறுக்கே பாய்ந்து வர, தலைக்கு மேல் வாணம் வெடிக்க வேண்டும்.

குருசாமி அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதுக்கு விளக்கு எங்கன இருக்கு?"

"இதுக்கு விளக்கே கிடையாது போர்மேன்" என்றார் மகன்.

"நடுவுல காத்தடிச்ச லாரி டியூப்ல உக்காந்து மீனுக்கு வலை போடுவாக. உங்களுக்குத் தெரியாது."

"சத்தம் கேட்டா ஒதுங்கிருவாங்க."

"டியூப்ல இருக்கவன் எம்புட்டு வேகமா ஒதுங்குவான்?"

பிறகு என்னிடம் திரும்பினார். "சார், இதுல இங்கிலீஷ்ல என்னமோ ஒட்டியிருக்கு. வாசிங்க." சூரியன் மறைந்தபின் ஓட்டக் கூடாது என்று இருந்தது. சத்தமாகவே வாசித்தேன்.

"அது வெளிநாட்டுக்காரன் எழுதுனது. நம்ம கண்மாய்க்கு அப்படிச் சட்டம் இருக்கா?" என்றார் மகன்.

"சொல்லுங்க சார். இருக்கா?" என்றார் குருசாமி.

தெரியாததைத் தெரியும் என்று சொல்லிப் பழக்கமில்லை. "விசாரிக்கணும்" என்றேன்.

அவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "நீங்க விசாரிங்க. நான் கயிற எடுத்துக்கிடுதேன்." ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் சிவப்புக் கயிறு அது, அதைச் செருகாமல் இன்ஜின் ஓடாது. உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கரையேறினார்.

"யோவ் போர்மேன், நாளையில இருந்து கம்பெனிப் பக்கம் வராத!"

"காலையில கயிறு வந்துரும்" என்றார், திரும்பாமலே.

முதல் வாணம் வெடித்தது. அந்தப் பச்சை வெளிச்சத்தில் கண்மாய் முழுதும் தெரிந்தது. ஸ்கூட்டர் வந்திருக்க வேண்டிய வழியில் இரண்டு டியூப்கள். இரண்டு பேர் அண்ணாந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரையில் யாரும் கைதட்டவில்லை.

விடிந்ததும் கயிறு வந்துவிட்டது. வேலை திரும்பி வரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அவர் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் லோடு ஏற்றினார்.

நான் விசாரித்தேன். காவல் நிலையத்தில், ரோட்டில் ஓடும் வண்டி என்றால் சொல்லுங்கள் என்றார்கள். வண்டிகளைப் பதிவு செய்கிற அலுவலகத்தில் நம்பர் கேட்டார்கள். கண்மாய்க்குப் பொறுப்பான அலுவலகத்தில், யாரும் அனுமதி கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை என்றார்கள். தடை உண்டா என்று கேட்டதற்கு, மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார்கள். முழு விவரம் வரட்டும் என்று காத்திருந்தேன். என் செய்தியில் புது வாணங்களின் பெயர்கள் மட்டும் அச்சாயின.

பார்க்கும்போதெல்லாம் குருசாமி கேட்பார்: "விசாரிச்சீகளா சார்?" அதில் குத்தல் இருக்காது, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். போன மாதமும் கேட்டார். இன்னும் பதில் வரவில்லை என்றேன். "மெதுவா வரட்டும் சார். டியூப்காரங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காக."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். யாராவது சட்டம் இருக்கிறதா என்று கேட்டால், விசாரிக்கணும் என்று சொல்வதற்கு முன் கையை விரித்துப் பார்த்துக்கொள்கிறேன். நேற்று மாலை இதை எழுத உட்கார்ந்தபோதும் பார்த்தேன். ரேகை மங்கிக்கொண்டிருந்தது. பேனாவை வைத்துவிட்டு, டியூப்காரர்கள் கரையேறிவிட்டார்களா என்று பார்க்க அந்தக் கண்மாய்க்குப் போனேன்.