சாயம் ஏறிய சதை

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் வண்டிகளுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்த பாய்க்குத் தொண்டையில் புற்று வந்தது எண்பதுகளின் நடுவில். நான் அப்போது அங்கே பஸ்களின் கூரையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுச் சேலம், ஓசூர், மெட்ராஸ் என்று சுற்றியவன். சோறு கிடைத்த ஊரில் தங்குவேன், கிடைக்காவிட்டால் கிளம்பிவிடுவேன். பாய் தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் எனக்குப் படுக்க இடம் கொடுத்திருந்தார்.

செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர் என்று ஒரே மூச்சில் கூவுவார். வண்டி நிறைவதை நாங்கள் 'ஏறுது' என்போம். "இன்னா பாய், ஏறுச்சா?" என்று டிரைவர் கேட்பார். "நல்லா ஏறியிருக்கு, எடு" என்பார் பாய். அவருடைய பிழைப்பே அந்தப் பதிலில்தான் இருந்தது. வண்டி நிறைந்தால் அவருக்குச் சோறு, நிறையாவிட்டால் கண்டக்டரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த வருஷம் கோடையில் அவர் குரல் கம்மியது.

"இன்னா பாய், பெங்களூருக்குக் கூப்புடுறியா, பிச்சைக்குக் கூப்புடுறியா?" என்றார் ஒரு கண்டக்டர்.

"உன் டப்பா வண்டிக்கு இந்தக் குரலே ஜாஸ்திடா."

அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொண்டு கூவினார். பீடியை விடவில்லை. மழைக்காலம் தொடங்கும்போது எச்சிலில் ரத்தம் வந்தது. உள்ளூர் டாக்டர் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். பாயும் அவர் மனைவியும் போனார்கள். மெட்ராஸ் தெரிந்தவன் என்று என்னையும் அழைத்துக்கொண்டார்கள்.

அங்கே பார்த்தது ஒரு டாக்டரம்மா. தொண்டையிலிருந்து கொஞ்சம் சதை வெட்டியெடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

"கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களேம்மா" என்றார் பாயின் மனைவி.

"பரவணும்னா அது கத்திக்காகக் காத்துக்கிட்டிருக்காதும்மா."

இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார். கரண்ட் வைத்து, அதாவது கதிர் பாய்ச்சிக் கட்டியைக் கருக்கலாம், அப்போது குரல் தங்கும். இல்லையென்றால் குரல்வளையையே எடுத்துவிட வேண்டும். அதன்பின் கழுத்தில் போட்ட ஓட்டை வழியாகத்தான் மூச்சு. பேச்சு இருக்காது.

"பேச்சு இல்லாம நான் இன்னாத்துக்கும்மா? கூவிப் பொழைக்கிறவன்" என்றார் பாய்.

"அதுக்குத்தான் சதையைப் பார்க்கிறோம். புதுசா ஒரு சாயம் வந்திருக்கு. அதைப் போட்டா கட்டி எந்த வழிக்கு அடங்கும்னு ஓரளவு தெரியும். அதை மட்டும் வெச்சு முடிவு பண்ண மாட்டோம். கார்த்திகை பொறந்ததும் வாங்க, பேசுவோம்."

அன்றே சதையை வெட்டியெடுத்துக்கொண்டார்கள். கார்த்திகை பிறந்ததும் நானும் பாயும் மட்டும் போனோம். ஏகக் கூட்டம். நான் டீயும் பன்னும் வாங்கப் போய்விட்டுத் திரும்பியபோது, பாய் பரிசோதனைக்கூடத்து ஜன்னலருகே சிரித்துக்கொண்டு நின்றார். அவர் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"நல்லா ஏறியிருக்குடா."

"எது?"

"சாயம். ஜன்னல்ல இருந்தவரைக் கேட்டேன். சாயம் நல்லா ஏறியிருக்கு, டாக்டரம்மாவைப் பாருங்கன்னாரு."

"அப்ப பாத்துட்டே போலாம் பாய்."

"அந்தம்மா ஆபரேஷன்ல இருக்காங்களாம். சாயந்திரம் ஆவும். நல்ல சேதியை ரெண்டாவது வாட்டி கேக்கவா குந்தியிருக்கணும்? தீபம் முடியட்டும், வந்து கரண்ட் வெச்சுக்குவோம்."

எனக்கும் அது நல்ல சேதியாகத்தான் பட்டது. ஏறுவது என்ற சொல்லுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் வேறு பொருள் தெரியாது. தீபத்துக்கு ஊரே நிரம்பிவிடும், கூப்பிட ஆள் வேண்டும். அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினோம்.

தீபம் பார்த்த கூட்டம் கலையும்வரை பாய் கூவினார். கடைசியில் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. மார்கழியில் காதுக்குக் கீழே கோழிமுட்டை அளவுக்கு ஒரு கட்டி எழும்பியது. மூன்று பேரும் மறுபடி மெட்ராஸ் போனோம்.

டாக்டரம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டார். சாயம் நல்லா ஏறியிருக்கு என்று சொன்னார்களே என்றார் பாய்.

"ஏறினா நல்லதில்லைங்க. ஏறாம இருந்திருந்தா கரண்டை நம்பலாம். இப்படி ஏறின கட்டி கரண்டுக்கு அடங்குறது கம்மி, சீக்கிரம் பரவுதுனுதான் இதுவரைக்கும் பார்த்திருக்கோம். அன்னிக்கே குரல்வளையை எடுத்திருந்தா நல்ல வாய்ப்பு இருந்துச்சு."

பாய், "நான் வண்டி மாதிரி நெனைச்சுட்டேம்மா" என்றார்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. பஸ் ஸ்டாண்ட் பேச்சை நான் விளக்கினேன். ஜன்னலில் அப்படிச் சொன்னது யார் என்று கேட்டார்.

"அவர் மேல தப்பில்லம்மா. இருந்ததைத்தான் சொன்னாரு" என்றார் பாய். அடையாளம் சொல்லவில்லை.

இப்போது எடுத்தால் பிழைப்பாரா என்று அவர் மனைவி கேட்டார். உறுதி சொல்ல முடியாது, எடுக்காவிட்டால் கோடையைத் தாண்டுவது கஷ்டம் என்றார் டாக்டரம்மா.

"எடுத்துடுங்கம்மா. பேச்சை வெச்சுக்கினு நான் இன்னா பண்றது? ஆள் இருக்கட்டும்" என்றார் மனைவி.

பாய் மனைவியைப் பார்த்தார். சரியென்று தலையை ஆட்டினார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் அவர் தன்னிடம் ஏதாவது பேசுவார் என்று மனைவி கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். பாயோ பக்கத்துக் கட்டில்காரர் தன் தலையணையை எடுத்துக்கொண்டார் என்று சண்டை பிடித்தார். அடைத்த குரலில், அந்த ஆளின் ஊரையும் வம்சத்தையும் இழுத்துத் திட்டினார். தலையணையைத் திரும்ப வாங்கித் தலைக்கு வைத்ததும் தூங்கிவிட்டார். அதன்பின் அவர் பேசி யாரும் கேட்கவில்லை.

கழுத்து ஓட்டையின் மேல் ஈரத்துணி கட்டிக்கொண்டு கொஞ்ச நாள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். புழுதி உள்ளே போனால் ஓட்டை வழியாக இருமல் வரும். பயணிகள் விலகி நின்றார்கள். கண்டக்டர்கள் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். சித்திரையில் கழுத்தின் மறுபக்கம் கட்டி வந்தது. முதலில் சோறு இறங்கவில்லை, பிறகு கஞ்சி, பிறகு தண்ணீர். ஆடி பிறந்த சில நாளில் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்தபின் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அவரை முழுசா மண்ணுல வெக்கலை. உடம்புல இருந்து வெட்டினதையும் அடக்கம் பண்ணணும், அதான் எங்க வழக்கம். ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கிட்டு வா."

போனேன். டாக்டரம்மாவுக்கு என்னை நினைவிருந்தது. குரல்வளையை அப்போதே முறைப்படி எரித்துவிட்டதாகவும், முதலில் வெட்டிய சிறு துண்டை மட்டும் கெடாமல் மெழுகுக்குள் பதித்து வைத்திருப்பதாகவும் சொன்னார். அதைக் கொடுப்பதற்கில்லை என்றார். பிறகு என்னை உட்காரச் சொல்லி, பாய் எப்போது போனார், கட்டி எந்தப் பக்கம் திரும்ப வந்தது, கடைசியில் எது இறங்காமல் போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"சாயம் ஏறினவங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சுனு தெரிஞ்சாத்தான் அடுத்து வர்றவருக்கு நான் தைரியமா சொல்ல முடியும். ஊருக்குப் போனா யாரும் திரும்பி வந்து சொல்றதில்லைங்க."

தெரிந்ததைச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பினேன். பாயின் மனைவி வாசலிலேயே நின்றிருந்தார்.

"குடுக்கலையா?"

"இல்லக்கா."

"அதை வெச்சுக்கினு இன்னா பண்ணுவாங்களாம்?"

"வேற யாருக்காவது இதே மாதிரி வந்தா, பாய்க்கு ஆனதை வெச்சுச் சொல்லுவாங்களாம்."

"சொல்லட்டும்" என்றார். "ஆளை உள்ள கூப்புட்டு, குந்த வெச்சு, புரியிற மாதிரி சொல்லட்டும்."