ஐந்து கல், ஐந்து வரப்பு

இணைகோடுகளும் எங்கோ சந்திக்கும் என்று கொள்ளும் புரொஜெக்டிவ் ஜியோமெட்ரி வகுப்பில் நேற்று ஒரு ஐங்கோணம் வரைந்தேன். மூலைகளைப் பக்கங்களாகவும் பக்கங்களை மூலைகளாகவும் மாற்றினால் மறுபடியும் ஐங்கோணமே வரும் என்றேன். முன்வரிசை மாணவி ஒத்துக்கொள்ளவில்லை. "புள்ளி வேற, கோடு வேற ஆச்சே மேடம்?"

களமருதூரில் எங்களுக்கு ஐந்து மூலை நிலம் ஒன்று இருந்தது. சர்வேயரோடு நின்று கல் நட்ட அப்பாவுக்கு அது ஐந்து கல். தினமும் வரப்பில் புல் அறுத்த அம்மாவுக்கு அது ஐந்து வரப்பு.

ஒரு கோடையில் டிராக்டர் உழுததில் ஒரு மூலைக் கல் மண்ணுக்குள் போய்விட்டது. அங்கே வந்து சேரும் இரண்டு வரப்புகளின் நுனியும் அழிந்தன. மூலைக்கு அப்பால் பெரியப்பா நிலம். "கல்லு இங்கதான்டா இருந்துது" என்று அவர் ஓரிடத்தைக் காட்டினார். அப்பா வேறிடத்தைக் காட்டினார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

வைகாசி போய் ஆனியும் வந்தபிறகு அம்மா பெரியம்மாவைக் கூப்பிட்டாள். "அக்கா, நீ அந்த வரப்பு மேலயே நேரா வந்துகினு இரு. நான் இதும்மேல வரேன்."

வரப்பு முடிந்த பிறகும் இருவரும் உழுத மண்ணில் திரும்பாமல் நடந்தார்கள். தோள் இடித்துக்கொண்ட இடத்தில் அம்மா மண்வெட்டியைப் போட்டாள். முழ ஆழத்தில் ணங்கென்றது.

கல்லைப் பெரியம்மா பார்க்கவில்லை. "இன்னாடி இப்பிடி எளைச்சிட்ட?" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வகுப்பில் அந்த மாணவி பதிலுக்காக இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டு புள்ளிக்கு ஒரு கோடு, ரெண்டு கோட்டுக்கு ஒரு புள்ளி. இந்தக் கணக்குல எந்த ரெண்டு கோடும் சந்திக்காம போகாதும்மா" என்றேன்.