ஐயாவு விழுங்கிய ஒரு வாய்க் கடல்

கோலசிலாங்கூர் படகுத்துறையில் ஐயாவு என்றால் தெரியாதவர்கள் கிடையாது. வாய் ஓயாத மனிதர். பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து எஸ்டேட்டில் லோரி ஓட்டி ஓய்ந்தபிறகு, பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டினார். கூடவே அவர்கள் ஆராய்ச்சிக்காகக் கடலுக்குள் போய் வலையும் இழுத்தார். மீன் வலை என்று நினைத்துவிடாதீர்கள். வேட்டித் துணியைவிட நெருக்கமான வலை. அதில் சிக்குவது கண்ணுக்கே தெரியாது.

அந்த வருஷம் தைப்பூசக் காவடிக்கு விரதம் இருந்தார். மனைவி தாயம்மா நெஞ்சு ஆப்பரேஷனில் பிழைத்து வந்தால் காவடி எடுப்பதாக நேர்த்திக்கடன். பிழைத்தும் வந்துவிட்டார். விரதம் முறிந்தால் மறுபடியும் படுத்துவிடுவாரோ என்று ஐயாவுக்கு நிஜமாகவே பயம். முட்டை கலந்திருக்கும் என்று பிஸ்கட்டைக்கூடத் தொடவில்லை.

போதாத காலம், படகில் அவர் கதையளந்துகொண்டிருந்தபோது ஓர் அலை நேராக வாய்க்குள் இறங்கியது. மடக்கென்று விழுங்கிவிட்டார். உப்புத்தண்ணிதானே என்று மறந்தும்போனார். மறுநாள் ஆராய்ச்சி மாணவி நித்தியா, அதே கடல்நீரில் ஒரு சொட்டை ஆசையாக மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். பார்த்தார். கால் இருந்தது. மீசை இருந்தது. ஒன்று முட்டைப் பையைச் சுமந்துகொண்டு நீந்தியது.

"பாப்பா, இதெல்லாம் சைவமா, அசைவமா?"

நித்தியா பாவம், யோசித்துத்தான் பதில் சொன்னாள். கொஞ்சம் செடி வகை, கொஞ்சம் பிராணி வகை, சிலது இரண்டுமாகவும் பிழைக்கும். கடலடிச் சேற்றில் விதைபோல வருஷக்கணக்கில் தூங்குகிறவையும் உண்டாம். தூங்குவதை விழுங்கினால் பாவம் குறையுமா என்று கேட்டார். அது அவள் பாடத்தில் இல்லை.

அடித்துப்பிடித்துக் கோயிலுக்கு ஓடினார். குருக்கள் அசரவில்லை. விழுங்கிய ஜீவன்களின் பெயரில் அர்ச்சனை செய்தால் விரதம் முறியாது, பெயர் மட்டும் சரியாக வேண்டும் என்றார். நித்தியாவைக் கெஞ்சிக் கூட்டிவந்தார். தேங்காய்த் தட்டோடு தாயம்மாவும் வந்தார்.

நித்தியா சொல்லச் சொல்ல, "டயாட்டம் நாமதேயஸ்ய, கோப்பிபோடா நாமதேயஸ்ய" என்று குருக்கள் பூப்போட்டார். நட்சத்திரம் கேட்டபோது நித்தியா விழித்தாள். பரவாயில்லை, சுவாமி நட்சத்திரத்திலேயே செய்துவிடலாம் என்றார். ஐயாவு ஒவ்வொன்றிடமும் மன்னிப்புக் கேட்டார். இறால் குஞ்சின் முறை வந்தபோது கன்னத்தில் பலமாகப் போட்டுக்கொண்டார். இறால் சம்பல் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

கடைசியாக, வீட்டில் யாருக்காவது அர்ச்சனை உண்டா என்று குருக்கள் கேட்டார்.

"தாயம்மா, ரோகிணி நட்சத்திரம்" என்று கணீரென்று சொன்னார் ஐயாவு. ஆஸ்பத்திரி நாள்களில் தினமும் சொல்லி வேண்டியது அதுதான்.

பின்னாலிருந்து தாயம்மா மெல்லச் சொன்னார். "நான் சுவாதிங்க."

ஐயாவு திரும்பினார். முகத்தில் ஈயாடவில்லை. அழுது அழுது செய்த அர்ச்சனையெல்லாம் ஊர்பேர் தெரியாத எவளோ ஒரு ரோகிணிக்குப் போய்விட்டிருக்கிறது.

"அப்போ உன்னக் காப்பாத்துனது யாரு?" கோயிலென்றும் பாராமல் அழுதார்.

தாயம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளைத் தொட்டார்.

"நீங்க அழுதத வச்சே முருகன் ஆளக் கண்டுபிடிச்சிருப்பாரு லா. காவடியத் தூக்குங்க."